ஏழாம் நம்பர் படகின் மேல்பலகை

பத்மநாபன் சாருக்கு நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் முப்பத்து நான்கு வருஷம் அவர் பார்த்த உத்தியோகம் படகுகளோடுதான். வெள்ளம் வந்தால் ஜனங்களைக் காப்பாற்றுவதற்கென்று வைத்திருக்கும் படகுகளுக்குக் கயிறு, துடுப்பு, மிதவைச் சட்டை, பெயின்ட், பலகை என்று வேண்டியதையெல்லாம் வாங்கி ஸ்டோரில் அடுக்கிவைப்பது அவர் பொறுப்பு. அந்த அலுவலகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தில்லியில் இருக்கிறது, அவ்வளவு போதும். அத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடப் படகில் கால் வைத்ததில்லை. இன்ஸ்பெக்‌ஷன் என்று அதிகாரிகள் யமுனையில் படகேறும்போது இவர் கரையில் அவர்களுடைய செருப்புகளுக்குக் காவலாக நிற்பார். "எனக்கு ஜலம்னா குடிக்கறதுக்கும் குளிக்கறதுக்கும்தான் சேஷா" என்பார்.

சேஷன் என்பது நான். அவருக்கு அடுத்த மேஜை. அவர் ரிட்டையரான மறு மாசம் நானும் ரிட்டையர் ஆனேன். இப்போது இருவருக்கும் மயூர் விஹாரில் வீடு, நடுவே ஒரு பூங்காதான்.

கரோல் பாகில் ஒண்டுக்குடித்தனத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். அப்பா ஸ்டெனோகிராபர். இவர் வேலைக்கு வந்ததும் கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ் கிடைத்து, சாவித்திரி மாமியைக் கல்யாணம் செய்துகொண்டு, மகள் சுபிக்ஷாவைப் படிக்கவைத்து, எல்லாவற்றையும் தேதிப்படி செய்து முடித்த மனுஷர். ஒரு காகிதத்தை இரண்டாக மடித்தால்கூட ஓரமும் ஓரமும் சேர்கிறதா என்று பார்ப்பார். கத்திரிக்காய் வாங்குவதற்கும் மூன்று தள்ளுவண்டிகளில் விசாரித்துவிட்டு முதல் வண்டிக்கே திரும்பி வருவார். நாங்கள் அதை வைத்து அவரை ஓட்டாத நாள் இல்லை. ஆனால் அவர் கையெழுத்துப் போட்ட ஃபைல் என்றால் ஆடிட்காரர்கள் பிரித்துப் பார்க்காமலேயே அடுத்ததற்குப் போவார்கள். அப்படி ஒரு பெயர்.

அந்தப் பெயருக்குள் ஒரு மார்ச் முப்பத்தொன்று இருந்தது.

சர்க்கார் ஆபீஸில் இருந்தவர்களுக்கு அந்தத் தேதியைப் பற்றி விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த வருஷத்துக்கு என்று கொடுத்த பணத்தை அன்று மாலைக்குள் செலவழிக்காவிட்டால் அது திரும்பிப் போய்விடும். அடுத்த வருஷம் கேட்டால் போன வருஷமே செலவழிக்கவில்லையே என்று குறைத்துவிடுவார்கள். அதனால் பதினோரு மாசம் தூங்கிய ஃபைல்கள் எல்லாம் அன்று ஒரே நாளில் ஓடும். 2022ஆம் வருஷம் அந்த நாளில், சாயங்காலம் நாலரை மணிக்கு, படகுகளின் மேல்தளத்துக்கான பிளைவுட் வந்து இறங்கியது. ஒவ்வொரு பலகையிலும் மரைன் பிளை என்று முத்திரை பளிச்சென்று இருந்தது.

முத்திரை மட்டும் போதாது என்று எங்கள் விதியிலேயே இருக்கிறது. வந்த பலகை ஒன்றில் ஒரு துண்டு வெட்டி, அதைத் தண்ணீரில் எழுபத்திரண்டு மணி நேரம் கொதிக்கவைக்க வேண்டும். பிளைவுட் என்பது மெல்லிய மர ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டியதுதானே. மூன்று நாள் கொதித்த பிறகும் ஏடுகள் பிரியாமல் இருந்தால் அது தண்ணீருக்கு ஏற்ற பலகை. பிரிந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். பத்மநாபன் சார் பேனாவை மூடிக் கையில் வைத்துக்கொண்டு, "மூணு நாள் வேணுமே" என்றார். எங்களிடம் இருந்தது ஒரு மணி நேரம்.

"ஸ்டாம்ப் இருக்கே சார். மேல பெயின்ட் அடிச்சுட்டா யார் பார்க்கப்போறா? போடுங்கோ."

இதைச் சொன்னவன் நான். அவர் போட்டார்.

மறு வருஷம் ஜூலையில் யமுனை ஊருக்குள் வந்தது. ரிங் ரோடில் படகு ஓடியதை நீங்களும் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். கரையோரக் குடிசைகளிலிருந்து ஆட்களை ஏற்றிவர எங்கள் படகுகள் எல்லாம் போயின. ஏழாம் நம்பர் படகை ஓட்டியவர் கிஷோரி லால். யமுனா பஜார் படித்துறையில் பரம்பரையாகப் படகு ஓட்டுகிற குடும்பம். வெள்ள நாட்களில் தினக்கூலிக்கு எங்களிடம் வருவார். மூன்றாவது நடையில், ஒரு குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் படகின் முன்தளத்தில் கால் வைத்தபோது பலகை உடைந்து வலது கால் தொடை வரை உள்ளே இறங்கியது. கீழே இருந்த இரும்புச் சட்டத்தில் இடித்து முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. குழந்தையை அவர் விடவில்லை. அதற்கு ஒரு கீறல்கூட இல்லை.

வெள்ளத்தில் அடித்துவந்த மரம் மோதித் தளம் சேதமானதாக ரிப்போர்ட் எழுதினார்கள். ஸ்டோர் ஃபைலை யாரும் கேட்கவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு பத்மநாபன் சார் தனியாகப் படகுக் கொட்டகைக்குப் போய், உடைந்த பலகையிலிருந்து உள்ளங்கை அளவு ஒரு துண்டைப் பெயர்த்துக்கொண்டு வந்தார். என் மேஜையில் வைத்தார். மேல்பக்கம் நீலப் பெயின்ட் புதுசாக இருந்தது. அடிப்பக்கம் பெயின்டே காணாத வெறும் மரம், கறுத்துப்போயிருந்தது. நடுவில் ஏடுகள் பழைய புத்தகம் மாதிரி தனித்தனியாகப் பிரிந்துகொண்டு வந்தன. அதை எடுத்துத் தன் இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். நான் டீ குடிக்கப் போய்விட்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை.

அவருடைய கடைசி மாசத்தில் ஏலக் காகிதங்கள் வந்தன. கழித்துக்கட்டிய படகுகளைப் பழைய சாமானாக விற்ற பட்டியல். ஏழாம் நம்பர் படகை எடுத்தவர் என்ற இடத்தில் இந்தியில் கோணல்மாணலாக ஒரு கையெழுத்து, கிஷோரி லால். தன் காலை உடைத்த படகையே அந்த மனுஷர் விலைக்கு வாங்கியிருக்கிறார். பத்மநாபன் சார் அந்தத் தாளைத் திருப்பாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று லஞ்ச் டப்பாவைத் திறக்கவே இல்லை.

ரிட்டையரானதும் மனுஷர் என்ன செய்தார் என்றால், ஒரு சீப்பு வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, யமுனா பஜார் படித்துறைக்குப் போனார். அதுதான் ஆரம்பம்.

கிஷோரிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு மூங்கில் தடி. நடக்கும்போது வலது கால் சற்றுப் பின்தங்கி வரும். ஆபீஸ் பாபுக்கள் தன்னைத் தேடி வந்ததில் அவருக்கு ஒரே சந்தோஷம். படகு கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தது. அடிப்பாகம் அலுமினியத் தகடு, கல் மாதிரி இருக்கிறது, மேலே தளம் மட்டும்தான் இல்லை என்று தட்டிக் காட்டினார். நவம்பரில் வெளிநாட்டு நீர்ப்பறவைகள் யமுனைக்கு வரும். அவற்றுக்குத் தீனி போடவும் போட்டோ எடுக்கவும் காலையில் கூட்டம் கூடும். அவர்களை ஏற்றிப் போனால் குளிர்காலம் முழுக்கப் பிழைப்பு ஓடிவிடும். தளத்துக்கு, இடித்த கடை ஒன்றிலிருந்து பழைய அலமாரிப் பலகை சொல்லிவைத்திருப்பதாகச் சொன்னார்.

அலமாரிப் பலகை என்றதும் பத்மநாபன் சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. தளத்தைத் தான் போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டார். கிஷோரி நம்பவில்லை. பிறகு நம்பி, கையைப் பிடித்துக்கொண்டு, மதராஸி பாபுவுக்கு மனசு பெரிசு, இது பெரிய புண்ணியம் என்று பக்கத்துப் படகுக்காரர்களிடமெல்லாம் கூப்பிட்டுச் சொன்னார். அவர் புகழப் புகழ இவர் குறுகிக்கொண்டே போனார். பார்க்கச் சகிக்கவில்லை.

திரும்பும்போது மெட்ரோவில் கேட்டேன், விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே என்று.

"சொல்லணும்டா. சொல்லாம அவனை அதுல ஏத்த மாட்டேன். ஆனா இப்போ சொன்னா, போயான்னு துரத்திடுவான். அப்பறம் அந்த அலமாரிப் பலகையைப் போட்டுண்டு ஆத்துல போவான். முதல்ல தளம் முடியட்டும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் பயந்தும் இருந்தார். புண்ணியவான் என்று கும்பிடுகிற மனுஷரிடம் உன் காலை உடைத்தவன் நான் என்று சொல்வது லேசா?

பலகை வாங்கக் கீர்த்தி நகர் போனோம். தெரு முழுக்க மரக்கடைகள். எங்கே போனாலும் முதலில், மாடுலர் கிச்சனுக்கா பாத்ரூம் கதவுக்கா என்று கேட்டார்கள். படகுக்கு என்றதும் கடைக்காரர்களுக்குச் சிரிப்பு. பத்மநாபன் சார் முத்திரை இருக்கும் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. பலகையின் வெட்டுமுகத்துக்கு நேராகக் குனிந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஏடுகளை எண்ணினார். எல்லா ஏடும் ஒரே கனமா, நடுவில் எங்காவது சந்து விட்டிருக்கிறதா என்று பார்த்தார். நல்ல தோலைப் போர்த்தி உள்ளே துண்டும் துக்கடாவும் அடைத்துவிடுவார்களாம். அந்தச் சந்தில்தான் தண்ணீர் போய் உட்காருமாம். பிறகு ஒரு அஞ்சு ரூபாய் நாணயத்தை எடுத்துப் பலகை முழுக்க ஜாண் ஜாணாகத் தட்டிக்கொண்டே போனார். கெட்டியாகச் சத்தம் வந்துகொண்டே இருந்து, ஓர் இடத்தில் மட்டும் பொத்தென்று கேட்டால், அது வேண்டாம். நாற்பது பலகை தட்டியிருப்பார். கடைப்பையன்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

கடைசியில் மூன்று கடைகளிலிருந்து மூன்று துண்டுகள் கேட்டு வாங்கிக்கொண்டார். எதற்கு என்று வீடு போனதும்தான் தெரிந்தது.

சாவித்திரி மாமியின் இட்லிப் பாத்திரத்தில் மூன்று துண்டுகளும் போயின. பால்கனியில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. தண்ணீர் வற்ற வற்ற ஊற்றிக்கொண்டே, எழுபத்திரண்டு மணி நேரம். வீடு பூராப் பசை நாற்றம். பூங்காவில் என்னைப் பார்த்த மாமி பிடித்துக்கொண்டாள்.

"முப்பத்தோரு வருஷத்துல ஒரு வாய் வெந்நீர் வெச்சுக் குடுத்ததில்லை. இப்போ பலகையை வேக வெச்சுண்டு ராப்பகலா காவல் இருக்கார். நீங்களாவது என்னன்னு சொல்லக் கூடாதா?"

அவளிடம் அவர் சொல்லியிருக்கவில்லை. நான்தான் சொன்னேன், மார்ச் முப்பத்தொன்றிலிருந்து. என் பங்கை விட்டுவிட்டுச் சொன்னேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்குச் சாயங்காலம் நான் போனபோது பால்கனியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது அவள். அவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

முதல் துண்டு முதல் நாளே வாயைப் பிளந்துவிட்டது. இரண்டாவது இரண்டாம் நாள் ஓரத்தில் ஊதிக்கொண்டது. மூன்றாவது துண்டை மூன்றாம் நாள் முடிவில் எடுத்து, ஆறவைத்து, ஏடுகளுக்கு நடுவே கத்தி முனையை விட்டுத் திருகிப் பார்த்தார். கத்திதான் வளைந்தது. மூன்றிலும் ஒரே முத்திரைதான் இருந்தது என்பதை மட்டும் மாமிக்கும் எனக்கும் திரும்பத் திரும்பக் காட்டினார். அந்த மூன்றாம் கடையிலிருந்தே, அதே அடுக்கிலிருந்து, தட்டிப் பார்த்து வைத்திருந்த பலகைகளை எடுத்து வந்தோம்.

அக்டோபர் முழுக்கப் படித்துறையில்தான் இருந்தோம். அறுப்பது கிஷோரி, அளப்பது பத்மநாபன் சார், பிஸ்கட்டும் டீயும் கொண்டுவருவது நான். பலகையை அளவுக்கு வெட்டியானதும் அதற்குத் தண்ணீர் ஏறாமல் பூசும் வேலை. எபாக்ஸி என்று இரண்டு டப்பாவில் ஒரு பிசின் வரும். கலந்த அரை மணிக்குள் பூசிவிட வேண்டும், இல்லாவிட்டால் கிண்ணத்திலேயே இறுகிவிடும். மேலே மூன்று தடவை, கீழேயும் மூன்று தடவை. வெட்டிய ஓரங்களுக்கு அதற்கும் மேலே, ஏனென்றால் தண்ணீரைக் குடிப்பது ஓரம்தான். திருகு போடும் ஓட்டைகளை முதலில் பெரிதாகத் துளைத்து, பிசினால் அடைத்து, இறுகிய பிறகு அதன் நடுவில் சிறிதாக மறுபடி துளைக்க வேண்டும். அப்போதுதான் திருகு மரத்தைத் தொடாது. அடிப்பக்கத்துக்கு எதற்கு இவ்வளவு, யார் கண்ணில் படப்போகிறது என்று கிஷோரி சிரித்தார். அடிப்பக்கத்தைத்தான் பத்மநாபன் சார் முதலில் பூசினார். அன்று காலையிலிருந்தே மேகமூட்டம், வெயில் தலைகாட்டவே இல்லை. பூச்சு நன்றாக அமைந்தது.

மேல்பக்கத்தில்தான் தப்பு நடந்தது. நல்ல காரியம் எதையும் காலையில் ஆரம்பித்துப் பழகியவர். குளித்து, சந்தியாவந்தனம் முடித்து, முதல் மெட்ரோவைப் பிடித்து வந்து, ஏழு மணிக்குப் பனி ஈரம் துடைத்து, முதல் பூச்சைப் பூசிவிட்டார். கண்ணாடி மாதிரி இருந்தது. வானம் அன்றைக்கு வெளுத்துக் கிடந்தது. ஒன்பது மணிக்கு வெயில் சுள்ளென்று ஏறியது. பத்து மணிக்குப் பார்த்தால் பலகை முழுவதும் பொரிப் பொரியாகக் கொப்புளம். ஆயிரக்கணக்கில். தொட்டால் ஒவ்வொன்றும் ஊசி முனை அளவு ஓட்டை.

பிசின் விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டார். அந்த ஆள் நன்றாகச் சிரித்துவிட்டுத்தான் சொன்னார். குளிர்ந்து கிடக்கும் மரத்தில் பூசிவிட்டு வெயில் ஏறினால், மரத்துக்குள் இருக்கும் காற்று சூடாகிப் பெருத்துப் பூச்சைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். வெயில் இறங்கும் நேரத்தில் பூச வேண்டும். மரம் ஆற ஆறப் பிசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாயங்கால வேலை இது பாபுஜி என்றாராம்.

கிஷோரி குனிந்து பார்த்தார். பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"விடுங்க பாபுஜி. மேல பெயின்ட் அடிச்சா மறைஞ்சுடும். யார் பார்க்கப்போறாங்க?"

பத்மநாபன் சார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் கரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் உப்புத்தாளை எடுத்து அந்தப் பலகையைத் தேய்க்க ஆரம்பித்தார். அறுபது வயசு, முதுகுவலிக்கு பெல்ட் போட்டிருக்கிற ஆள். இரண்டரை நாள் தேய்த்தார். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. மெஷின் இருக்கிறது, வாடகைக்குக் கிடைக்கும் என்றால் காதிலேயே வாங்கவில்லை. கொப்புளம் ஒன்று பாக்கியில்லாமல் மரம் தெரியும்வரை தேய்த்து, மூன்றாம் நாள் வெயில் இறங்கிய பிறகு மறுபடி முதலிலிருந்து பூசினார். கிஷோரி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இவருக்கு என்ன ஆயிற்று என்று என்னிடம் தனியாகக் கேட்டார். அவர் அப்படித்தான் என்றேன்.

நவம்பர் முதல் வாரம் தளம் பொருத்தி முடிந்தது. தீபாவளிப் புகை இன்னும் போகாத ஒரு காலை. பறவைகள் வந்துவிட்டிருந்தன, தண்ணீர் மேல் ஒரே கத்தல். கிஷோரியின் மனைவி படகின் முனைக்குச் சாமந்தி மாலை போட்டு, குங்குமம் வைத்து, லட்டு டப்பாவைத் திறந்தாள். படகு தண்ணீரில் இறங்கிக் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கிஷோரி தடியை ஊன்றி, வலது காலைத் தூக்கினார்.

பத்மநாபன் சார் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். இத்தனை நாளும் அவரை நீ என்றுதான் பேசிக்கொண்டிருந்தார், பாபுக்கள் படகுக்காரர்களிடம் பேசுவது போல. அன்றைக்கு மரியாதையாக ஆரம்பித்தார். இந்தியில்தான் பேசினார்கள், தமிழில் சொல்கிறேன்.

"கிஷோரிஜி, ஏறாதீங்க. நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்பறம் ஏறுங்க."

துணிப்பையிலிருந்து அந்த நீலப் பெயின்ட் துண்டை எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னார். பலகை வந்த தேதி, வந்த மணி, கொதிக்கவைத்துப் பார்த்திருக்க வேண்டிய மூன்று நாள், பார்க்காமல் போட்ட கையெழுத்து. ஃபைலில் எழுதுவது மாதிரி வரிசையாகச் சொன்னார். பக்கத்து மேஜைக்காரன் ஒருவன் போடுங்கோ என்று சொன்னதை அவர் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"உங்க கால் போனது வெள்ளத்தால இல்லை. என்னால."

கிஷோரி அந்தத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் ஓர் ஏட்டை உரித்தார். சிரமமே இல்லாமல் வந்தது. அதைத் தண்ணீரில் போட்டார். அவர் மனைவி லட்டு டப்பாவின் மூடியைச் சாத்தினாள். பக்கத்துப் படகுகளில் இருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். அடி விழும் என்றுதான் நினைத்தேன், விழுந்தால் குறுக்கே போக எனக்குத் தைரியம் இருக்குமா என்றும் நினைத்தேன்.

"கையெழுத்து போட்டது நீங்க. ஏறினது நான்" என்றார் கிஷோரி. "இன்னிக்கு நீங்க ஏறுங்க."

பத்மநாபன் சார் தண்ணீரைப் பார்த்தார். படகின் பின்பக்கத்தில் கிடந்த மிதவைச் சட்டையை எடுத்து கிஷோரி அவரிடம் எறிந்தார். முப்பத்து நான்கு வருஷத்தில் ஆயிரம் மிதவைச் சட்டையாவது வாங்கியிருப்பார், அதன் கொக்கியை எப்படி மாட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. உரிந்த விரல்களால் தடவிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு கிஷோரியே கிட்டே வந்து, முகத்தைப் பார்க்காமல், மூன்று கொக்கிகளையும் மாட்டி இழுத்து இறுக்கினார்.

என்னையும் ஏறச் சொன்னார். பின்பக்கத்தில், தளம் இல்லாத இடத்தில், கிஷோரிக்கு எதிரே ஒடுங்கி உட்கார்ந்தேன். முன்தளத்தின் நடுவில் பத்மநாபன் சார் தனியாக நின்றார், பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல். அவர் உதடு அசைந்தது, ஏதோ சுலோகமாக இருக்கும். கிஷோரி துடுப்புப் போட்டு நடு ஆற்றுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"குதிங்க."

பத்மநாபன் சார் குதித்தார். குதித்தார் என்று சொல்வது பெரிய வார்த்தை. குதிகால் மட்டும் எழும்பி இறங்கியது.

"அன்னிக்கு என் தோள்ல ஒரு குழந்தை இருந்தது பாபுஜி."

கண்ணை மூடிக்கொண்டு எழும்பினார். இரண்டு காலும் தளத்தை விட்டுப் போய்த் தொம்மென்று வந்து விழுந்தன. படகு ஆடியது, பறவைகள் எழுந்தன, நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். மறுபடி குதித்தார். மறுபடி. யாரும் எண்ணச் சொல்லவில்லை, கிஷோரியும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் தளத்திலிருந்து அதே கெட்டிச் சத்தம் வந்தது, கீர்த்தி நகரில் நாணயத்துக்கு வந்த சத்தம். மனுஷர் குதித்துக்கொண்டே அழுதார். பயத்திலா, அந்தச் சத்தம் கேட்டதாலா என்று எனக்குத் தெரியாது.

"போதும்" என்றார் கிஷோரி.

துடுப்பை உள்ளே இழுத்துப் போட்டார். எழுந்து, கையிலிருந்த தடியை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அவர் தளத்தின் விளிம்புக்கு வந்து, கொஞ்சம் நின்றார். பிறகு வலது காலைத்தான் முதலில் தூக்கி வைத்தார். அதன்மேல் முழு பாரத்தையும் போட்டு நின்று பார்த்தார். நான்கு எட்டு நடந்து போய், இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பத்மநாபன் சாரின் தோளைப் பிடித்து உட்காரவைத்து, தானும் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

படகு அது பாட்டுக்கு நீரோட்டத்தில் நகர்ந்தது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொன்னவன் நான்தான் என்று அவர்கள் முதுகைப் பார்த்துச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. தடி என் மடியில் கிடந்தது. கரை சேரும்வரை கிஷோரி அதைத் திரும்பக் கேட்கவில்லை.